ரெட் கிளா வளர்க்க: ஜோடி செட்டா, கலப்பா, ஆண் மட்டுமா?

சீனப் பெருநாள் முடிந்த வாரம் மலேசியாவின் பாகான் செராயிலிருந்து தம்பி போன் செய்தான். வீட்டுக்குப் பின்னால் பழைய கோழிக் கூண்டைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் கேன்வாஸ் தொட்டி போட்டிருக்கிறான். ஏர் பம்பு வாங்கியாகிவிட்டது, தண்ணீர் நிரப்பி இரண்டு வாரம் ஓடவிட்டும் ஆகிவிட்டது. ரெட் கிளா என்ற நன்னீர் லாப்ஸ்டர் குஞ்சு விடுவது ஒன்றுதான் பாக்கி.

"அண்ணே, விக்கிறவரு மூணு விதமா சொல்றாரு. எதை எடுக்கறது?" என்று கேட்டான்.

மூன்று விதம் இதுதான். முதலாவது ஜோடி செட். முட்டையிடும் வயதுக்கு வந்த ஓர் ஆண், அதனுடன் மூன்றோ நான்கோ பெண். அடுத்தது கலப்புக் குஞ்சு. இரண்டு அங்குலம் போல இருக்கும், ஆண் பெண் பார்க்காமல் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவது ஆண் மட்டும். ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கியது என்பதால் கலப்பைவிட விலை கூடுதல்.

"ஒரு ரெட் கிளாவை உன் கையில கொடுத்தா ஆணா பெண்ணான்னு சொல்லுவியாடா?" என்று திருப்பிக் கேட்டேன். "கொடுக்குல சிவப்பு இருந்தா ஆண்தானே" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை நான் இருக்கும் நிபோங் திபாலுக்கு வரச் சொன்னேன். அது சரியாகத் தெரியாமல் மூன்றில் எதை எடுத்தாலும் விற்பவர் வாய்ச்சொல்லைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

எனக்கு அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம் ஒருவரிடம் இருபது பெண் வாங்கினேன். "பாருங்க, எதுக்குமே கொடுக்குல சிவப்பு இல்ல, எல்லாம் பெண்" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நானும் பார்த்தேன், சிவப்பு இல்லைதான். ஏற்கெனவே இருந்த ஐந்து ஆண்களோடு அவற்றை விட்டேன். இரண்டு மாதம் போனது. ஓடு கழற்றிக் கழற்றி அவை வளர வளர, பதின்மூன்றின் கொடுக்கில் சிவப்பு எழும்பிவிட்டது. ஒரு தொட்டியில் பதினெட்டு ஆண், ஏழு பெண். இரவெல்லாம் சண்டை. ஓடு கழற்றி மெத்தென்று கிடந்ததையெல்லாம் மற்றவை தின்றுவிட்டன. அந்த மனிதர் என்னை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அந்த ஓர் அடையாளம்தான் தெரியும்.

அந்தச் சிவப்பு

இந்த உயிரினத்துக்கு ஊர் வடக்கு ஆஸ்திரேலியாவும் நியூகினியின் தென்பகுதியும். செராக்ஸ் குவாட்ரிகாரினேட்டஸ் என்பது அறிவியல் பெயர். நன்னீரில் வாழ்வது, கடல் லாப்ஸ்டருக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே எல்லோரும் லாப்ஸ்டர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். பெரிய ஆணுக்குக் கொடுக்கின் வெளி ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை வரும். ரெட் கிளா என்ற பெயரே அதனால் வந்ததுதான். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் ஓடு போல் கெட்டியாக இராது, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும்.

பெண்ணுக்கு அந்தப் பட்டை வராது. ஆகவே சிவப்பு இருந்தால் ஆண் என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டு, சிவப்பு இல்லாவிட்டால் பெண் என்று சொல்வதில்தான் தவறு. வயதுக்கு வரப்போகும் நேரத்தில்தான் ஆணுக்கு அந்தப் பட்டை எழும்பும். அதுவரை ஆண் குஞ்சும் பெண் குஞ்சும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான். பெரிய ஆண் சண்டையில் கொடுக்கை இழந்திருந்தாலும் இதே கதை. மறுபடி முளைக்கும் கொடுக்கு சிறுத்துப்போய் இருக்கும், அதில் சிவப்பைத் தேடிப் பயனில்லை. ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது என்று இருந்தால் பெரியதைப் பாருங்கள். இரண்டும் சிறிதாக இருந்தால் கொடுக்கை விட்டுவிடுங்கள்.

வால் அகலத்தைச் சொல்பவர்களும் உண்டு. முட்டைகளை வாலுக்கு அடியில் சுமக்க வேண்டியிருப்பதால் வளர்ந்த பெண்ணுக்கு வால் பகுதி அகன்றிருக்கும். ஆனால் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வால் அகலமா குறுகலா என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

திருப்பிப் போடுங்கள்

அம்மாவிடம் நண்டைக் கொடுத்தால் மேலே பார்க்கவே மாட்டார். பாசாரில் நின்றபடியே திருப்பி வயிற்றைப் பார்ப்பார். மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அரைவட்டமாகப் பரந்திருந்தால் பெண். நம் ஊர் அம்மாக்கள் எல்லோருக்கும் இது தெரியும். அப்படித் தெரிந்தவர்களே லாப்ஸ்டரைக் கையில் எடுத்தால் ஏன் கொடுக்கைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இதையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

கையை நனைத்துக்கொள்ளுங்கள். கொடுக்குகளுக்குப் பின்னால், முதுகு ஓட்டின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் கொடுக்கு எட்டாது. திருப்பி வெளிச்சத்தில் காட்டுங்கள். வாலை அடிக்கும், கொஞ்சம் பொறுத்தால் அடங்கிவிடும். இப்போது கால்களை எண்ணுங்கள். பெரிய கொடுக்கையும் சேர்த்து ஐந்து ஜோடி. கொடுக்கு ஒன்று, அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஐந்தாவது ஜோடி, அதாவது வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி ஜோடிக் கால், உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே உள்பக்கமாக, காலுக்கு ஒன்றாக, சின்னக் காம்பு மாதிரி இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆண். அங்கே ஒன்றும் இல்லாமல், நடு ஜோடியான மூன்றாவது கால்களின் அடியில் இரண்டு துளை தெரிந்தால் பெண். பெண்ணின் துளை நீட்டிக்கொண்டிருக்காது, ஓட்டோடு தட்டையாக, முட்டை வடிவத்தில் இருக்கும்.

எண்ணும்போது கால் நழுவி நான்காவதை மூன்றாவது என்று நினைத்துவிடுவது எல்லோருக்கும் நடப்பது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரெட் கிளாவின் கால் நுனிகளைப் பாருங்கள். பெரிய கொடுக்குக்கு அடுத்த இரண்டு ஜோடிக் கால்களின் நுனியிலும் குட்டிக் கொடுக்கு இருக்கும், தீனியைக் கிள்ளி வாயில் போட உதவுவது அது. நான்காவதும் ஐந்தாவதும் வெறும் கூர்நகம். ஆகவே குட்டிக் கொடுக்கு உள்ள கால்களில் கடைசி ஜோடி எதுவோ அதன் அடியில்தான் பெண்ணின் துளை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தம்பி எண்ணுவதையே விட்டுவிட்டான்.

இரண்டு அங்குலத்துக்குக் கீழே உள்ளதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம், டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் காட்டினால் ஆணின் காம்புக்கு நிழல் விழும், துளைக்கு விழாது. அப்படியும் தெரியாவிட்டால் தண்ணீரில் விட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். ஓடு கழற்றி ஓரிரு நாளே ஆனதைத் தொடவே வேண்டாம். வாலைச் சுருட்டி வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதை அவசரமாகத் தூக்க வேண்டாம். உள்ளே முட்டை இருக்கலாம், பயத்தில் வாலை அடித்தால் முட்டை சிதறிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதன்முதலில் பார்ப்பவர் தன் கண்ணையே சந்தேகப்படுவார். சிலவற்றில் நடுக்கால் துளையும் இருக்கும், கடைசிக்கால் காம்பும் இருக்கும். ரெட் கிளாவில் இப்படி இரண்டும் கலந்து பிறப்பது உண்மையிலேயே உண்டு. பெரும்பாலும் அவை ஆணாகவே நடந்துகொள்ளும். ஆணோடு சேர்த்துவிடுங்கள். முட்டைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.

கால் கணக்கு ரெட் கிளாவோடு நிற்பதில்லை. கிரியான் ஆற்றின் பெரிய நன்னீர் இறாலான ஊடாங் காலாவுக்கும் ஆண் துளை கடைசிக் காலடியில், பெண் துளை மூன்றாவது காலடியில். கடல் பாறை இறாலான ஊடாங் காராவுக்கும் அப்படியே. வெளி அடையாளம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஊடாங் காராவுக்குப் பெரிய கொடுக்கே கிடையாது, அதனால் கொடுக்கைப் பார்க்கும் பேச்சே இல்லை. ஆனால் பெண்ணின் கடைசிக் கால் நுனியில் மட்டும் குட்டிக் கொடுக்கு மாதிரி ஒரு பிளவு இருக்கும், முட்டைகளைக் கோதிச் சுத்தம் செய்ய. ஆணுக்கு அந்தக் கால் வெறும் கூர். பெரிய ஹோட்டல்களில் ரப்பர் வளையம் மாட்டி வைத்திருக்கும் அமெரிக்க லாப்ஸ்டரில் வேறு இடம். வாலுக்கு அடியில் உள்ள துடுப்புக் கால்களில் முதல் ஜோடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கெட்டியாக இருந்தால் ஆண், இறகு போல மெத்தென்று இருந்தால் பெண்.

மூன்றில் எது

சரி, இனி தம்பியின் கேள்வி.

வளர்ச்சி என்று பார்த்தால் ஆணுக்குத்தான் முதல் இடம். வயதுக்கு வந்த பிறகு பெண் தின்பதில் பெரும்பகுதி முட்டைக்குப் போகிறது, முட்டை சுமக்கும் காலத்தில் ஓடும் கழற்றாது. ஓடு கழற்றாமல் இந்த இனம் வளர முடியாது. ஆணுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே விற்பதற்கோ வீட்டுச் சாப்பாட்டுக்கோ பெரிதாக வேண்டும் என்றால் ஆண் மட்டும் உள்ள தொட்டி நல்ல தொட்டி. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஆண் மட்டும் என்று விற்கப்படுவது நூற்றுக்கு நூறு ஆணா? ஊடாங் காலாவில் அப்படிப் பிறப்பிலேயே ஆணாகச் செய்யும் வித்தை இருக்கிறது. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தின் அமீர் சாகி குழு அதை வளர்த்தெடுத்தது. இந்த இனங்களில் கோழியைப் போலத் தாயின் பக்கத்தில்தான் ஆண் பெண் முடிவாகிறது. ஆணின் கடைசிக் காலடியில், நாம் திருப்பிப் பார்க்கும் அதே இடத்துக்கு உள்ளே, ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அதன் வேலையைச் சின்ன வயதிலேயே நிறுத்தினால் ஆணாகப் பிறந்தது பெண்ணாக வளர்ந்து முட்டையும் இடும். அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் குஞ்சு எல்லாமே ஆண். நம் பக்கத்தில் பின்வீட்டுத் தொட்டிக்கு வரும் ரெட் கிளா அப்படி வருவதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து நூறு, இருநூறைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கியது. சாயங்காலம் ஆனால் யாருக்கும் கண் சோர்ந்துவிடும்.

நூறில் ஒன்றோ இரண்டோ பெண் கலந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பெண் ஒரு தடவைக்கு முந்நூறிலிருந்து எண்ணூறு முட்டை வரை இடும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் எப்போதும் இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி இருப்பதால் அது முட்டையிட நல்ல காலம் என்று தனியாக எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆறு வாரம் முன்னே பின்னே வாலுக்கடியில் சுமந்து, முட்டை பாசிப்பச்சையிலிருந்து பழுப்பாகி ஆரஞ்சாகி, கண் புள்ளி தெரிந்து, முழு உருவத்தோடு குஞ்சு இறங்கிவிடும். ஊடாங் காலாவுக்கு இந்த வசதி கிடையாது. அதன் குஞ்சுக்கு உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்பதை 1961இல் நம் பினாங்கிலேயே, குளுகோரில், ஷாவ் வென் லிங் என்ற மீன்வள நிபுணர்தான் கண்டுபிடித்தார். அதுவரை உலகத்தில் யாராலும் ஊடாங் காலாவைத் தொட்டியில் பெருக்க முடியவில்லை. ரெட் கிளாவுக்கு உப்புத் தண்ணீரும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். ஒரு பெண் தப்பி உள்ளே இருந்தால் போதும்.

அந்த நூற்றுக்கணக்கான குஞ்சு தீனியில் பங்கு கேட்கும், தண்ணீரைக் கெடுக்கும், பெரியவை அவற்றைத் தின்னும், மிஞ்சியவை சின்னச் சின்னதாகவே தொட்டியை நிறைக்கும். ஆண் மட்டும் என்று அதிகம் கொடுத்த காசுக்குப் பொருளே போய்விடுகிறது. ஆகவே மூன்றிலும் சிறு தவறுக்குப் பெரிய விலை கொடுக்க வைப்பது ஆண் மட்டும் என்பதுதான். வாங்கினால் கூடையிலிருந்து தொட்டிக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் நீங்களே திருப்பிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குப் பொறுமை இருப்பவருக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன். ஆண்கள் நிறைந்த தொட்டியில் சண்டையும் உண்டு. பெரியது சிலது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஒளிந்தே வளரும். ஒன்றுக்கு ஒரு குழாய்த் துண்டு என்ற கணக்குக்கு மேலேயே மறைவிடம் வேண்டும். வெங்காயம் வரும் சிவப்பு வலைச் சாக்கை நடுவில் கட்டிக் கொத்தாகத் தொங்கவிட்டால் சின்னதுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நம் மளிகைக் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஜோடி செட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வருடமாவது வளர்த்துக் கை பழகியவருக்கு அது நல்லது. குஞ்சைத் தனியாக வளர்க்க இன்னொரு தொட்டி, அதற்குத் தனி வடிகட்டி, தினமும் பார்க்க நேரம், எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அதைத்தான் முதலில் ஆசைப்பட்டு வாங்குகிறார், ஏனென்றால் ஐந்தை வாங்கினால் ஐந்நூறு கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஐந்நூறும் உயிரோடு வளராது. வாங்கும்போது செட்டில் உள்ள பெண் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். கால்களுக்கு நடுவே வெள்ளையாகப் பசை ஒட்டினாற்போல் இருந்தால் ஆண் சேர்ந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது, முட்டை வரப்போகிறது. அந்த நேரத்தில் காரில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு வராதீர்கள். வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கலப்புக் குஞ்சில் வாங்கும்போது தவறு என்ற ஒன்றே இல்லை. யாரும் எதையும் உறுதி சொல்லவில்லை, நாமும் எதையும் நம்பவில்லை. விலையும் குறைவு. பிரிப்பதை நாமே செய்கிறோம், நம் கையால், அவசரமில்லாமல். துளை நன்றாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்த பிறகும் வயதுக்கு வருவதற்கு முன்பும் ஒரு இடைக்காலம் இருக்கிறது. ரெட் கிளா ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வயதுக்கு வரும். நம் சூட்டில் ஆறுக்குப் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலம் வந்ததும் ஒரு ஞாயிறு காலையை இதற்கென்று ஒதுக்கினால் போதும். ஆணைப் பெரிய தொட்டியிலும் பெண்ணை வேறு தொட்டியிலும் விட்டால், ஆண் மட்டும் உள்ள தொட்டி அதிக விலை இல்லாமலேயே கையில் வந்துவிடுகிறது. பெண் தொட்டியில் ஆண் இல்லாததால் குஞ்சும் இல்லை. கொஞ்சம் மெதுவாக வளரும், ஆனாலும் வளரும். பிறகு எப்போதாவது குஞ்சு வேண்டும் என்று தோன்றினால் இரண்டு தொட்டியிலிருந்தும் எடுத்து நீங்களே ஒரு செட் போட்டுக்கொள்ளலாம், அதுவும் எது எங்கே வளர்ந்தது என்று தெரிந்து.

இதற்கு இரண்டாவது தொட்டி வேண்டும், அதுதான் இதில் உள்ள ஒரே சங்கடம். பெரிய நீலத் தோங் (பிளாஸ்டிக் பீப்பாய்) ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம். அதுவும் முடியாது, ஒரே தொட்டிதான் என்றால் கலப்பு வாங்காதீர்கள்.

லோங்காங் (வடிகால்) பக்கம் தொட்டி உள்ளவர்களுக்கு

தம்பியின் வீட்டைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவன் தொட்டிக்கும் பின்பக்க லோங்காங்குக்கும் நான்கு அடிதான். லோங்காங் போய்ச் சேர்வது செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில், வாய்க்கால் போய்ச் சேர்வது ஆற்றில். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று அங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாதது இல்லை. சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால் வாய்க்காலில் கெண்டையும் சேற்றுக் கெளுத்தியும் பிடித்தவர்கள் நாங்கள். பெரியப்பா கிரியான் ஆற்றில் தூண்டில் போட்டு நீலக் கொடுக்கு ஊடாங் காலா கொண்டுவந்த நாட்கள் வீட்டில் திருவிழா.

ரெட் கிளா இந்த மண்ணின் உயிர் இல்லை. தொட்டியிலிருந்து தப்பி மலேசியாவின் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே குடியேறிப் பெருகியிருக்கிறது. தண்ணீர் கெட்டால் தரையில் நடந்தே வெளியேறக்கூடியது. ஏர் குழாயைப் பிடித்துக்கொண்டுகூட ஏறிவிடும். தப்பியது ஓர் ஆண் என்றால் அது தன் ஆயுள் வரை அங்கே இருக்கும், அவ்வளவுதான். தப்பியது முட்டை சுமந்த ஒரு பெண் என்றால் வாய்க்காலில் ஒரு குடும்பமே இறங்கிவிட்டது. பெரியப்பா தூண்டில் போட்ட ஆற்றுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஆகவே லோங்காங்குக்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என் பதில் மாறுகிறது. தொட்டி ஓரத்தில் உள்பக்கம் மடக்கிய வழுவழுப்பான விளிம்பும் மேலே வலையும் போடுங்கள். மழைத் தண்ணீர் நிறைந்து வழியாதபடி வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். அதற்கு மேலும், அந்த இடத்தில் ஆணை மட்டும் வையுங்கள். பெண்ணை வீட்டு முன்பக்கமோ கூரைக்குக் கீழோ தண்ணீர் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். வளர்ப்பை நிறுத்தும் நாளில் மிச்சத்தை வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சமைத்துவிடுங்கள்.

சமைப்பது என்று வந்ததால் அம்மாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆணுக்குக் கொடுக்கில் நல்ல சதை, குழம்பில் போட்டால் அந்தக் கொடுக்குதான் பேரப்பிள்ளைகளுக்குச் சண்டை. பெண்ணுக்கு வாலில் சதை திரண்டிருக்கும், வறுவலுக்கு அம்மா கேட்பது அதை. எடை பார்த்துக் காசு கொடுக்கும்போது ஆணின் தலையும் கொடுக்கும் எடையில் பெரும் பங்கைக் கொண்டுபோகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடைக்கு வால் சதை அதிகம் வேண்டும் என்றால் பெண் பரவாயில்லை. முட்டை சுமந்ததை அம்மா சட்டியில் போட விடமாட்டார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத கொண்டு போய் தண்ணியில விடுப்பா" என்பார்.

தம்பி கடைசியில் அறுபது கலப்புக் குஞ்சு எடுத்தான். கோழிக் கூண்டு இருந்த இடத்தில் பெரிய தொட்டி, கிணற்றடிக் கூரைக்குக் கீழே இரண்டு நீலத் தோங். போன ஞாயிறு காலை பாகான் செராய் போனேன். வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். அவன் பிடித்துத் திருப்பிக் காட்ட, நான் டார்ச் அடிக்க, அவன் மகள் மூன்று வாளியின் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்து எழுதினாள். ஐம்பத்திரண்டு உயிரோடு இருந்தது. ஆண் இருபத்து நான்கு, பெண் இருபத்தைந்து. இரண்டு இன்னும் பொடிசு, ஒன்றும் தெரியவில்லை. அவற்றை வலைக் கூடையில் போட்டுத் தோங் ஒன்றில் தனியாகத் தொங்கவிட்டோம்.

கடைசியாக வந்ததை அவன் இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். "அண்ணே, நடுவுலயும் இருக்கு, கடைசியிலயும் இருக்கு" என்றான். ஆண் வாளியைக் காட்டினேன்.